பழைய தையல் இயந்திரத்தை மீண்டும் இயங்கச் செய்தல்

கையால் தைக்கும் ஊசிக்குக் காது பின்முனையில் இருக்கும். தையல் இயந்திர ஊசிக்கோ காது கூர்முனைக்கு அருகில் இருக்கும். அது மேல்நூலைத் துணியினூடே கீழே கொண்டு செல்ல, அங்குள்ள கொக்கி அந்நூலைப் பற்றிக் கீழ்நூலைச் சுற்றி வரச் செய்கிறது. இரு நூல்களும் துணியின் நடுவே பூட்டிக்கொள்கின்றன. இத்தகைய பூட்டுத் தையல் இயந்திரத்துக்கு அமெரிக்கரான எலியாஸ் ஹோ 1846இல் காப்புரிமை பெற்றார். ஐசாக் சிங்கர் 1851இல் தமது இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்.

சிங்கர் நிறுவனம் ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் நகரில் நடத்திய பெருந்தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. ஆயினும் அங்குள்ள புகையிரத நிலையம் இன்றும் சிங்கர் என்றே அழைக்கப்படுகிறது. அங்கு உருவான வார்ப்பிரும்பு இயந்திரங்களை, பிரித்தானியாவில் வாழும் நாம் தொண்டுக் கடைகளிலும் பழம்பொருட் சந்தைகளிலும் காணலாம். இவற்றைத் தேடி வாங்கிச் சீர்செய்வது பயனுள்ள பொழுதுபோக்காகும்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

இரும்புடலில் வெடிப்பு உண்டா, பாபினும் அதன் உறையும் உள்ளனவா என்று முதலில் பாருங்கள். சக்கரம் சுழலவில்லையெனில் உடனே கைவிட வேண்டாம். பெரும்பாலும் அது பழுதன்று. பல்லாண்டு பயன்படாமையால் உள்ளே எண்ணெய் பசைபோல் இறுகியிருக்கும். உடலிற் பொறித்துள்ள தொடரிலக்கத்தைக் கொண்டு, இயந்திரம் செய்யப்பட்ட காலத்தை அறியலாம்.

சீர்செய்யும் முறை

மாணவர்கள் இப்பணியைப் பெற்றோர் துணையுடனேயே செய்தல் வேண்டும். மின்மோட்டார் இருப்பின் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். அதன் பழைய மின்கம்பிகளை மின்வினைஞர் பரிசோதிக்கும்வரை இணைக்கலாகாது.

முதலில் ஊசித்தட்டைக் கழற்றி, அடியில் அடைந்துள்ள பஞ்சையும் நூல்துண்டுகளையும் தூரிகையால் அகற்றுங்கள். பின்னர், காற்றோட்டமுள்ள, நெருப்பில்லாத இடத்தில், அசையும் மூட்டுகளில் மட்டும் சில துளி மண்ணெண்ணெய் விடுங்கள். ஓரிரு நாள் பொறுத்துச் சக்கரத்தை மெதுவாக அசைத்துப் பாருங்கள். வலிந்து திருப்பினால் உறுப்புகள் முறியக்கூடும். இறுக்கம் தளர்ந்ததும் அழுக்கைத் துடைத்துத் தையல் இயந்திர எண்ணெய் இடுங்கள்.

நம்மவர் சிலர் கைக்கெட்டிய தேங்காயெண்ணெயை விடுவதுண்டு. அது ஏறக்குறைய 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். இந்நாட்டுக் குளிரில் இயந்திரத்தையே இறுக்கிவிடும். பொன்னிற அலங்காரங்களின் மீது மதுசாரம் படவும் கூடாது. பட்டால் மேற்பூச்சுக் கரைந்து சித்திரமும் அழியும்.

இறுதியாகப் புதிய ஊசி பொருத்துங்கள். சிங்கர் 15, 66, 201 ஆகிய மாதிரிகளுக்கு இன்று கடைகளில் விற்கும் வழக்கமான வீட்டுத் தையல் ஊசியே பொருந்தும். பழந்துணியில் தைத்துப் பார்த்து, இரு நூல்களும் சமமாகப் பூட்டும்வரை மேல்நூலின் இறுக்கத்தைச் சரிசெய்யுங்கள்.

பயன்படுத்தாத இயந்திரம் இறுகுவதுபோலவே, பேசாத மொழியும் நாவில் இறுகிப்போகும். அதனைத் தளர்த்தவும் வன்மை உதவாது. பொறுமையும் நாள்தோறும் சிறிது பயிற்சியுமே உதவும். ஆதலால், பெற்றோரும் பிள்ளைகளும் ஒரு பழைய இயந்திரத்தின்முன் ஒன்றாய் அமர்ந்து, அதன் உறுப்புகளைத் தமிழிற் பெயர் சொல்லிச் சீர்செய்வார்களாயின், இரண்டும் ஒருங்கே இயங்கத் தொடங்கும்.