பழைய வீட்டுப் புதையல்

பாட்டியின் வீட்டுக்கு ஓர் இளைஞர் வந்தார். அவர் கையில் மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தைக் காட்டும் கருவி இருந்தது.

"பாட்டி, உங்கள் பழைய வீட்டில் தேடட்டுமா? புதையல் கிடைத்தால் ஆளுக்குப் பாதி. வெளியே சொல்ல வேண்டாம்" என்றார்.

"தேடு தம்பி. ஆனால் பாதி என்பதை எழுதிக் கொடு. கிடைத்தால் கலெக்டருக்கும் சொல்வோம்" என்றார் பாட்டி.

பாட்டி சொன்னது சரி. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் உள்ளது. சில மாநிலங்களில் தனிச் சட்டம் உண்டு. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கு போகும். ஓராண்டு வரை சிறையும் உண்டு.

புதையலுக்குச் சொந்தக்காரர் இல்லை என்று கலெக்டர் அறிவித்தால் பங்கு கிடைக்கும். முன்பே பேசி முடித்திருந்தால் அதன்படி பங்கு. இல்லாவிட்டால் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, இடத்துக்காரருக்குக் கால் பங்குதான்.

இளைஞர் எழுதிக் கொடுத்தார். பாட்டி எழுத்துக் கூட்டிப் படித்தார். கைநாட்டு வைக்கவில்லை, கையெழுத்துப் போட்டார்.