அழைப்பு மையச் சர்வர்: தேவையும் அளவும்

தொலைபேசி மணி ஒலிக்கிறது. செய்துகொண்டிருந்த வேலையைப் பாதியில் விட்டுச் சென்று எடுக்கிறோம். மறுமுனையில் பேச்சில்லை. இருமுறை குரல் கொடுத்துப் பார்த்துவிட்டு, எவரோ விளையாடுகின்றனர் என எண்ணி வைத்துவிடுகிறோம். தனித்து வாழும் முதியோர்க்கோ இவ்வமைதி அச்சத்தையே தரும். பெரும்பாலும் இஃது எவருடைய விளையாட்டும் அன்று; அழைப்பு மையத்துக் கணிப்பொறி, பேசுவதற்கு ஆள் ஓய்வாகும் முன்னரே எண்ணைச் சுழற்றிவிட்டதன் விளைவு. இக்குறை பெருகியமையால், அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2003இல் திருத்திய விதிகளில், எடுத்தவர் குரல் கொடுத்த இரண்டு நொடிகளுக்குள் விற்பனையாளர் பேச்சில் இணைதல் வேண்டும் எனவும், அவ்வாறு இணையாது கைவிடப்படுபவை நூற்றுக்கு மூன்றை மிஞ்சலாகாது எனவும் வரையறுத்தது.

அவ்விரண்டு நொடிகளைக் காப்பதில் மென்பொருளுக்கு உள்ள பங்கு அதனைத் தாங்கும் சர்வருக்கும் உண்டு. ஆயினும் சர்வர் வாங்க முனைவோர், ‘எத்தனை பேர் அமர்ந்து பேசுவர்?’ என்னும் ஒரு கணக்கோடு நின்றுவிடுகின்றனர். நாம் முதலில் கேட்க வேண்டியது, ஒரே வேளையில் எத்தனை அழைப்புகள் உயிரோடு இருக்கும் என்பதே.

இக்கணக்கிற்கு வழிவகுத்தவர் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய டென்மார்க் அறிஞர் எர்லாங். அவர்தம் கட்டுரைகள் 1909இலும் 1917இலும் வெளிவந்தன. ஒரு மணி நேரத்தில் 200 அழைப்புகள், ஒவ்வொன்றும் சராசரி மூன்று நிமிடம் எனக் கொள்வோம். மொத்தம் 600 நிமிடம். எனவே பத்து இணைப்புகள் போதும் என்றே எவர்க்கும் தோன்றும். ஆனால் அழைப்போர் வரிசையில் நின்று ஒருவர்பின் ஒருவராக வருவதில்லை. எர்லாங்கின் சூத்திரப்படி, பத்து இணைப்புகளே இருப்பின் நூற்றுக்கு ஏறத்தாழ 21 பேர் திருப்பி அனுப்பப்படுவர். அத்தொகை ஒன்றுக்குக் கீழே குறைய வேண்டுமாயின் 18 இணைப்புகள் வேண்டும். காத்திருப்போர் இசை கேட்டுக்கொண்டிருக்கும் நேரமும் சர்வருக்குச் சுமையே என்பதை மறத்தலாகாது. ஓர் ஆளுக்கு மூன்று எண்கள் வீதம் தானே சுழற்றும் மென்பொருளாயின், 50 பேர் அமர்ந்த மையத்தில் 150 வெளியழைப்புகளும், அமர்ந்திருப்போரின் 50 இணைப்புகளும் சேர்ந்து 200 ஆகின்றன.

இனி, ஒலி எவ்வாறு பயணிக்கிறது எனக் காண்போம். ஜி.711 என்னும் முறையில் குரல் நொடிக்கு 8,000 முறை அளக்கப்பட்டு 64,000 பிட்டுகளாகிறது. இது 20 மில்லிநொடிக்கு ஒரு பொட்டலமாக, நொடிக்கு 50 பொட்டலங்களாக அனுப்பப்படும். இருவர் பேச்சைச் சர்வர் இணைக்குங்கால், இருபுறமும் வாங்குவதும் அனுப்புவதுமாக 200 பொட்டலங்கள். நூறு பேச்சுகளுக்கு 20,000. இதற்குப் பெரும் வலிமை தேவையில்லை, காலந்தவறாமையே தேவை. கடிதம் ஒரு நொடி தாமதித்தால் எவரும் அறியார். குரல் தாமதித்தாலோ பேச்சு முறிந்துவிடும். ஆகவேதான், வேறு பல பணிகளைச் செய்யும் கணிப்பொறியிலேயே அழைப்பு மையத்தையும் ஏற்றிவிடும் சிக்கனத்தை நாம் ஏற்பதற்கில்லை.

ஜி.729 என்னும் முறை குரலை 8,000 பிட்டுகளாகச் சுருக்குவது. கம்பி வழி குறுகியதாயின் இது நன்மையே. ஆனால் ஒருபுறம் ஜி.711, மறுபுறம் ஜி.729 என அமைந்துவிட்டால், செயலி ஒவ்வொரு நொடியும் மொழிபெயர்ப்பாளன்போல் இடைநின்று மாற்ற வேண்டியிருக்கும். இருபுறமும் ஒரே முறையைக் கொள்வது, செலவின்றிச் செயலியின் வலிமையைப் பெருக்கிக்கொள்வதற்கு ஒப்பாகும்.

பலரும் இடறி விழும் இடம் பேச்சுப் பதிவே. சுருக்காத ஒலிக்கோப்பு நொடிக்கு 16,000 பைட்டுகள், மணிக்கு 57.6 மெகாபைட்டுகள் கொள்ளும். 50 பேர் நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் பேசினால் 17.28 ஜிகாபைட்டுகள், 25 வேலை நாள்களில் 432 ஜிகாபைட்டுகள். வட்டின் கொள்ளளவை மட்டும் பார்த்து ‘இடம் உண்டு’ என அமைதல் தவறு. 50 பதிவுகள் ஒருங்கே எழுதப்படும்போது, சுழலும் வட்டின் முனை இங்குமங்கும் ஓடிக் களைக்கிறது. அவ்வட்டிலேயே வாடிக்கையாளர் விவரங்களைக் காக்கும் தரவுத்தளமும் இருப்பின், அமர்ந்திருப்பவர் திரையில் பெயர் தோன்றுமுன் அழைத்தவர் பொறுமை இழந்துவிடுவார். ஆதலின் பதிவுகளை முதலில் நினைவகத்திலோ சுழலா வட்டிலோ எழுதி, பின்னர்ச் சுருக்கி வேறிடம் கொண்டு செல்வதே தக்கது. மையம் வளருங்கால் தரவுத்தளத்திற்குத் தனிச் சர்வர் அமைத்தல் வேண்டும்.

இரட்டை வட்டு வைத்துள்ளோம், படி எடுக்க வேண்டியதில்லை என்பாரும் உளர். வட்டு பழுதானால் இரட்டை உதவும்; கைதவறி அழித்தால் இரண்டிலும் ஒரே கணத்தில் அழியும்!

1999இல் அலபாமாவில் மாணவராயிருந்த மார்க் ஸ்பென்சர், தம் சிறு நிறுவனத்திற்குத் தொலைபேசி அமைப்பு வாங்கப் பொருள் போதாமையால் எழுதத் தொடங்கியதே ஆஸ்டரிஸ்க் என்னும் திறந்த மென்பொருள். அதனால் இன்று மென்பொருட் செலவின்றியே மையம் தொடங்கலாம். மிஞ்சிய பணத்தில் இரண்டாம் மின்வழங்கியும், மின்தடையைத் தாங்கும் யு.பி.எஸ்.ஸும் வாங்குக. திறப்புநாளுக்கு முன்னர், எதிர்பார்க்கும் உச்சத்தைக் காட்டிலும் மிகுதியான பொய்யழைப்புகளைச் சிப்பி போன்ற சோதனை மென்பொருளால் அனுப்பி, பதிவும் நடந்துகொண்டிருக்கும் வேளையில், நாமே ஒரு தொலைபேசியை எடுத்துக் குரல் தெளிவாக வருகிறதா எனக் கேட்டுப் பார்த்தல் வேண்டும்.