ரேடியோவில் 'கரகர' சத்தம்: எங்கிருந்து வருது?
டிரான்சிஸ்டரில் மீடியம் வேவ் வைத்தாலே 'கரகர'ன்னு இரைச்சலா? முதலில் பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்க. சத்தம் நின்றால் குற்றவாளி உங்க வீட்டு எல்இடி பல்போ சார்ஜரோதான்.

நிற்கலையா? அந்த டிரான்சிஸ்டரே திசை காட்டும். உள்ளே ஆன்டெனாவாக இருப்பது ஒரு ஃபெரைட் கம்பி. பெரும்பாலும் பெட்டியின் நீளவாக்கில் இருக்கும். நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை வைத்துப் பெட்டியைப் படுக்கைவாட்டில் மெதுவாகத் திருப்புங்க. சத்தம் சட்டென்று குறையும்போது கம்பி இரைச்சல் வரும் திசைக்கு நேராக நிற்கும். முன்பக்கமா, பின்பக்கமா? அது தெரியாது. அதனால் கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி பாருங்க. மொபைல் மேப்பில் இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் சந்தேக இடம். மின்கம்பி வழியாகவும் இரைச்சல் பரவும் என்பதால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

அங்கே மின்கம்பம் இருந்தால் தட்டிப் பார்க்கிற வேலை வேண்டாம். தளர்ந்த இணைப்பில் தீப்பொறி பறந்தாலும் இந்தச் சத்தம் வரும். தள்ளி நின்றே கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு, மின்னகத்துக்கு 94987 94987-ல் சொல்லுங்க.