சாகுபடிச் செலவு நூற்றுக்கு எவ்வளவு ஏறிற்று?

சாகுபடிச் செலவு ஏறிவிட்டதென்று சொல்லாத நிலச்சுவான்தார் இல்லை. நூற்றுக்கு எவ்வளவு ஏறிற்று என்று வினவினாலோ, ஒரே கணக்கேட்டைப் பார்த்து இருவர் இரண்டு விடை கூறுவர். வாரத்துக்குப் பயிரிடும் குடியானவருக்கு முன்பணம் கொடுக்குமிடத்தில் இவ்வேறுபாடு ரூபாயாகவே வெளிப்படும்.

ஒரு நிலச்சுவான்தார் சென்ற ஆண்டு ஏக்கருக்கு ஆட்கூலி ரூ. 8,000, உரம் ரூ. 4,000, உழவு ரூ. 4,000, ஆக ரூ. 16,000 செலவிட்டார் என்க. இவ்வாண்டு அவை முறையே ரூ. 10,800, ரூ. 4,500, ரூ. 4,700 ஆகி, மொத்தம் ரூ. 20,000 ஆயிற்று. ஏற்றம் ரூ. 4,000. இதனை எத்தொகையால் வகுப்பது என்பதிலேதான் பலரும் இடறுகின்றனர். எத்தொகையின்மேல் ஏறிற்றோ அதுவே, அதாவது பழைய செலவே, வகுக்கும் எண்ணாகும். 4,000-ஐ 16,000-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்க, நூற்றுக்கு 25 கிடைக்கும். புதிய தொகையால் வகுப்போர் 20 என்று முடிப்பர்.

செலவு ஏறும் விகிதப்படியே முன்பணமும் ஏறும் என்று உடன்படிக்கை இருந்து, பழைய முன்பணம் ரூ. 8,000 ஆனால், குடியானவருக்குச் சேரவேண்டியது ரூ. 10,000. பிழையான கணக்கின்படி அவர் பெறுவது ரூ. 9,600. குறைந்த ரூ. 400-ஐ நடவுக் காலத்தில் அவர் வட்டிக்கு வாங்க நேரும், அதுவும் ஏக்கர்தோறும்.

வேறு சிலர் கூலி 35, உரம் 12½, உழவு 17½ எனத் தனித்தனியே சரியாகக் கண்டு, பின்னர் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து 21⅔ என்பர். இதுவும் பொருந்தாது. பழைய செலவில் கூலி சரிபாதி. உரமும் உழவும் கால் காலே. ஆகவே கூலியின் ஏற்றம் மற்ற ஒவ்வொன்றையும்போல் இருமடங்கு கணக்கில் ஏறவேண்டும். மொத்தத்தைக் கொண்டு வகுத்தால் இத்தொல்லையே இல்லை.

ஏற்றம் நூற்றைக் கடக்குமோ என்று ஐயுறுவோரும் உளர். 2021-ஆம் ஆண்டில் டி.ஏ.பி. உரத்துக்கு மத்திய அரசு அளித்த மானியம் மூட்டைக்கு ரூ. 500-லிருந்து ரூ. 1,200 ஆக உயர்த்தப்பட்டது. ஏற்றமான 700-ஐப் பழைய 500-ஆல் வகுக்க, நூற்றுக்கு 140 வரும். இருமடங்குக்கு மேற்பட்ட எத்தொகைக்கும் இவ்வாறே.

இனி, அடுத்த பட்டத்தில் செலவை ரூ. 20,000-லிருந்து பழைய ரூ. 16,000-க்கே இறக்க எண்ணுபவர், ஏறியது 25 ஆதலால் 25 குறைத்தால் போதும் என்று திட்டமிட்டால் ரூ. 15,000-க்கு இறங்கிவிடுவார், உரத்திலோ களையெடுப்பிலோ ரூ. 1,000 வீணே குறைபடும். இறக்கம் 20,000-லிருந்து தொடங்குவதால் இங்கே வகுக்கும் எண் 20,000. குறைக்கவேண்டியது நூற்றுக்கு 20.