கையுறையைச் சோதிப்பது எப்படி?

கையுறையில் ஓட்டை இல்லையானால் கைக்குத் தீங்கில்லை என்று நம்மில் அநேகர் எண்ணுகிறோம். காற்றை அடைத்துப் பார்த்துத் திருப்தியடைகிறோம். ஓட்டையைக் கண்டறிய அது போதும். ஆனால் கரைப்பான்களுக்கு ஓட்டை வேண்டுவதில்லை. அவை ரப்பரின் வெளிப்புறத்தில் கரைந்து, நுண்ணிய மூலக்கூறுகளாக உட்புகுந்து, மறுபுறம் வெளிப்படும். கண்ணுக்கு எதுவும் புலப்படாது.

இதன் விபரீதத்தை உலகம் ஒரு முறை கண்டது. அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியின் ரசாயனப் பேராசிரியை காரென் வெட்டர்ஹான் 1996 ஆகஸ்டில் ஆராய்ச்சி செய்கையில், டைமெதில் மெர்க்குரி என்னும் பாதரசச் சேர்மத்தின் ஓரிரு துளிகள் அவருடைய லேடெக்ஸ் கையுறைமீது சிந்தின. பாதரச நஞ்சினால் 1997 ஜூனில் அவர் காலமானார். பின்னர் அத்தகைய கையுறைகளைச் சோதித்தபோது, அத்திரவம் 15 விநாடிகளுக்குள் ஊடுருவுவது தெரியவந்தது. முன்னர் செய்திருக்க வேண்டிய சோதனை பின்னர் நடந்தது.

சோதனை முறை இதுவே: கையுறையிலிருந்து ஒரு துண்டை வெட்டி, இரு அறைகள் கொண்ட கலத்தின் நடுவே திரைபோல் பொருத்துவர். ஓர் அறையில் ரசாயனம். மற்றதில் தூய காற்று அல்லது நீர். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் வழியே நிமிஷத்திற்கு 1 மைக்ரோகிராம் ரசாயனம் கடக்கத் தொடங்கும் வரையுள்ள நேரமே ஊடுருவல் நேரம். ஐரோப்பியத் தரவிதியான இ.என். 374 இதனை ஆறு படிகளாக வகுக்கிறது. 10 நிமிஷத்துக்கு மேல் தாங்குவது முதற்படி. 480 நிமிஷத்துக்கு மேல் தாங்குவது ஆறாம் படி. இந்நேரம் 23 டிகிரி வெப்பத்தில் அளந்தது. நம் வெயிலில் அது குறையும் என்பதை மறக்கலாகாது.

எல்லாவற்றுக்கும் ஏற்ற கையுறை ஒன்றில்லை. சாயமிடும் நெசவாளர் கையாளும் காஸ்டிக் சோடாவை இயற்கை ரப்பரும் நைட்ரைலும் நன்கு தாங்கும். ஆனால் மண்ணெண்ணெயிலும், சில பூச்சிமருந்துகளில் கலந்துள்ள ஸைலீனிலும் இயற்கை ரப்பர் உப்பிவிடும். மண்ணெண்ணெயைத் தாங்கும் நைட்ரைல், அசிட்டோனிடம் விரைவில் தோற்கும்.

நாமே செய்யக்கூடிய எளிய சோதனையும் உண்டு. பழைய கையுறையில் இரு துண்டுகள் வெட்டி, ஒன்றை அரைமணி நேரம் மண்ணெண்ணெயில் இட்டு, மற்றதனுடன் ஒப்பிடுக. உப்பியோ இளகியோ இருந்தால் அவ்வகையை அவ்வேலைக்கு விலக்குக. மாறாதிருந்தாலும் பத்திரமென்று முடிவு செய்யலாகாது. ஊடுருவலைக் கலத்தில்தான் அளக்க முடியும்.

ஆகவே, சங்கத்திற்குக் கையுறை வாங்கும்போது, விலையை மட்டும் விசாரியாமல், எந்தத் திரவத்துக்கு, எத்தனை நிமிஷம் தாங்கும் என்பதையும் கேட்டு வாங்குவோமாக.