துண்டுப் படங்களைப் பொருத்துதல்

நீண்டதொரு சுவரையேனும் மலைத்தொடரையேனும் ஒரே நிழற்படத்தில் அடக்குதல் அரிது. ஆதலின் துண்டுதுண்டாகப் படமெடுத்துப் பின்னர்க் கணிப்பொறியால் ஒட்டி ஒன்றாக்குவர். அதுவே பனோரமா எனப்படும். வட்டச் சுவரில் சுற்றுக்காட்சி முழுவதையும் தீட்டும் முறைக்கு 1787-ஆம் ஆண்டில் உரிமை பெற்ற இராபர்ட் பார்க்கர் என்னும் ஓவியரின் காட்சிகளினின்று வந்தது இப்பெயர். அவர் தூரிகையால் மறைத்த பொருத்துவாய்களை இன்று மென்பொருள் கணக்கிட்டு மறைக்கின்றது. மறையாதவிடத்துச் செய்யத்தக்கன யாவை என ஈண்டு ஆராய்வாம்.

தமிழ் பயில்வார்க்கு இதனால் ஆவதென்னை எனின், தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் அடித்தளத்தில் நெடுக ஓடும் கல்வெட்டுகளை நினைவுகூர்க. அணிகலன்களின் நிறை அவற்றில் கழஞ்சும் மஞ்சாடியுமாகக் குறிக்கப்பட்டுள்ளது. அத்தகைய கல்வெட்டின் படங்களை ஒட்டுங்கால் ஓர் எண்குறி விழுங்கப்படின் கொடுத்த பொன் குறையும், இரட்டிப்பின் மிகும். மலைக்காட்சியில் ஒரு கிளை இரண்டாகத் தோன்றின் நகைத்துவிட்டுப் போகலாம். கல்வெட்டிலோ அது பாடபேதமாகிவிடும்.

பொருந்தாமைக்குத் தலையாய காரணம் கேமரா இடம்பெயர்தல். ஒரு கண்ணை மூடிக் கட்டைவிரலை நீட்டிப் பிடித்துத் தலையை அசைத்துப் பாருங்கள். விரல் பின்னுள்ள சுவரைவிட்டு நகர்வது புலப்படும். கேமராவுக்கும் இதுவே நேர்கின்றது. 60 பாகைப் பார்வைக்கு 4000 பிக்சல் அகலமுள்ள படமொன்றைக் கொள்வோம். கேமரா பக்கவாட்டில் 5 செண்டிமீட்டர் நகரின், 1 மீட்டர் தொலைவிலுள்ள தூண் ஏறக்குறைய 190 பிக்சல் பெயரும். 100 மீட்டர் தொலைவிலுள்ள மரமோ 2 பிக்சலே பெயரும். இரண்டையும் ஒருங்கே பொருத்த எக்கணக்காலும் இயலாது. ஆதலின் லென்ஸினுள் ஒளி புகும் துளை இருந்தவிடத்தே நிற்க, அதனை அச்சாகக் கொண்டு கேமராவைத் திருப்புதல் வேண்டும். முக்காலியின் திருகு பெரும்பாலும் அவ்விடத்திற்கு நேராக இராது என்பதை மறத்தலாகாது.

இவ்விதிக்குப் புறனடை ஒன்றுண்டு. பொருள் முழுவதும் ஒரே தளமாயின் கேமரா நகர்ந்தாலும் படங்கள் பொருந்தும். தட்டையான கல்வெட்டுச் சுவர் அத்தகையது. அதன்முன் நடந்துகொண்டே எடுக்கலாம். ஆயின் புடைத்த வரிகளும் அரைத்தூண்களும் உள்ளவிடத்து அவ்வுரிமை இல்லை. ஆண்டுப் படங்களை நெருக்கமாக எடுத்து ஒவ்வொன்றின் நடுப்பகுதியையே கொள்ளுதல் நன்று.

அடுத்தது பொய்யான இணைப்புள்ளிகள். இரு படங்களிலும் ஒன்றாயுள்ள புள்ளிகளை மென்பொருள் தானே தேடும். டேவிட் லோ 1999-இல் வெளியிட்ட ‘சிஃப்ட்’ என்னும் முறை இதற்குப் பெயர்பெற்றது. மேகம், இலை, நடந்து செல்வார் ஆகிய அசைவனவும், ஒத்த தூண்கள், ஒத்த எழுத்துகள் ஆகியனவும் அதனை மயக்கும். முன்வரியிலுள்ள தகரத்தைப் பின்வரித் தகரத்தோடு இணைத்தல் அதற்கு எளிது; அது எழுத்தை அறியாது, உருவையே அறியும். படங்கள் மூன்றிலொரு பங்கேனும் ஒன்றன்மேலொன்று கவிந்திருப்பின் இம்மயக்கம் பெரிதுங் குறையும்.

ஹூகின் போன்ற மென்பொருளில் இணைப்புள்ளிகளின் பிழையளவு அட்டவணையாகக் காட்டப்படும். மிகப்பெரிய பிழையுடையதைத் திறந்து கண்ணால் நோக்குக. பொய்யாயின் நீக்குக. மெய்யான புள்ளியே பெரும்பிழை காட்டின் நீக்கலாகாது; கேமரா நகர்ந்ததையேனும் லென்ஸின் அளவு தவறியதையேனும் அது நமக்கு அறிவிக்கின்றது. பலர் அதனையும் நீக்கிச் சராசரி குறைந்ததென மகிழ்வர். எண் குறையும், படத்திலுள்ள முறிவு குறையாது.

லென்ஸைப் பற்றிச் சிறிது கூறுவாம். ஜூம் இடையில் மாறலாகாது. கைப்பேசிகள் சில, அண்மைப் பொருளைக் கண்டதும் தாமே வேறு லென்ஸுக்கு மாறிவிடும். ஓரம் வெட்டிய படத்தை இடுதலும் தவறு. லென்ஸின் நடுவிடம் அதனாற் பிறழும். திருத்துங்கால் முதலிற் படங்களின் நிலையை மட்டும் சரிசெய்து, பின்னர்ப் பார்வைக் கோணத்தையும், இறுதியில் லென்ஸின் வளைவையும் கணக்கிடச் செய்க. சில புள்ளிகளை வைத்துக்கொண்டு யாவற்றையும் ஒருங்கே கணக்கிடின் சுவர் பாம்பென நெளியும்.

இவையெல்லாம் செய்தும் எஞ்சிய பிழையை மறைப்புத் தீட்டி விலக்கலாம். பழங்கல்வெட்டிற் சொல்லிடை வெளியின்மையின், ஒட்டுவாய் எழுத்தின்மேற் செல்லாது கற்களின் பொருத்துவாய் வழியே செல்லுமாறு தீட்டுக. பின்னர் ஒட்டுவாய் நெடுகிலும் ஒவ்வோர் எழுத்தையும் மூலப்படத்தோடு ஒப்புநோக்குக. மூலப்படங்களை அழித்துவிடாது உடன் வைத்திருக்க.