அடைமழைக்கு முந்தின ஒரு வாரம்

ஐப்பசி பிறந்துவிட்டால் டெல்டாவில் எல்லார் கண்ணும் சம்பா வயலில்தான். வீட்டுக் கொல்லையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கத்தரியும் மிளகாயும் தண்ணியில் நின்று அழுகின பிறகு "மழை கெடுத்துடுச்சு" என்கிறோம். வடகிழக்குப் பருவமழை வருசா வருசம் அக்டோபரில்தான் வருகிறது. சொல்லாமல் வரும் விருந்தாளி இல்லை. அதற்கு முன் கிடைக்கும் ஒரு வாரத்தில் நானும் எங்க வீட்டுக்காரரும் செய்த வேலைகளை எழுதுகிறேன். எங்களுடையது மன்னார்குடிப் பக்கம். களிமண், அஞ்சு சென்ட் கொல்லை.

முதல் ரெண்டு நாள் மண்வெட்டி வேலை. பாத்திகளுக்கு நடுவே அரை முழ ஆழத்துக்கு வாய்க்கால் எடுத்து, அந்த மண்ணைப் பாத்தி மேலேயே ஏற்றினார் அவர். எல்லா வாய்க்காலும் தாழ்ந்த மூலைக்குப் போய், அங்கிருந்து வேலியோரம் வடியும். இதை மழைக்கு முன்னாடியே முடித்துவிட வேண்டும். ஈரக் களிமண்ணை மிதித்தால் காற்றுப் போகிற துளையெல்லாம் அடைபட்டு, காய்ந்ததும் ஓடு மாதிரி இறுகிப்போகும்.

பிறகு மூடாக்கு. வைக்கோலும் பூவரசந்தழையும் போட்டோம். கோடையில் ஈரம் காக்கத்தானே மூடாக்கு, மழையில் எதற்கு என்று கேட்பார்கள். மழைத்துளி வெறும் மண்ணில் அடித்தால் சேறு தெறித்து அடியிலைகளில் ஒட்டும். மண்ணில் இருக்கிற நோயும் அதோடு ஏறும். தழை அதைத் தடுக்கும். தண்டை ஒட்டிப் போடாமல் நாலு விரற்கடை தள்ளிப் போடுங்கள், ஒட்டினால் தண்டு அழுகும்.

காற்றில் முறியும் என்று முருங்கையின் நீண்ட கிளைகளைக் கழித்தோம். அன்னைக்கு மதியத்துக்கு மேல் வேலை இல்லை. திண்ணையில் உட்கார்ந்து ரெண்டு பேருமாகக் கீரை உருவினோம். ராத்திரி முருங்கைக்கீரை அடை. "இதுக்காகவே வருசத்துக்கு நாலு தடவை கழிக்கலாம்" என்றார்.

ஆடியில் போட்ட அவரை பந்தல் நிறையப் படர்ந்திருந்தது, ஒரு பூ இல்லை. பழைய நாட்டு அவரை பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும். பொறுமை இழந்து பிடுங்கவோ, எரு போட்டுத் தழையை வளர்க்கவோ வேண்டாம். அசுவினி தெரிந்தால் காலைப் பனி ஈரத்தில் அடுப்புச் சாம்பலைத் தூவுங்கள்.

எனக்குக் கவலையெல்லாம் கத்தரி விதை மேல்தான். என் மாமியார் காலத்திலிருந்து வருகிற வரிக்கத்தரி. அக்கம்பக்கத்தில் எல்லாரும் வாங்கின நாற்றுக்கு மாறிவிட்டார்கள். இப்போது எங்கள் தெருவில் இது நிற்பது எங்கள் கொல்லையில் மட்டும்தான். தேனீ வேறு கத்தரியின் மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும் என்று மொட்டிலேயே பழைய வேட்டித் துணியில் பை தைத்துக் கட்டி, காய் பிடித்ததும் அவிழ்த்திருந்தோம். அப்படி விதைக்கு விட்டது மூணு காய். ஒன்றைப் புழு தின்றுவிட்டது. மிச்ச ரெண்டும் பாதி மஞ்சளாக இருக்கும்போதே வானம் கறுத்தது.

"என்னங்க, முழுசா பழுக்கட்டுமா, பறிச்சுடலாமா?"

"செடியில விட்டா அழுகிடும். பறிச்சு உள்ள வையி."

நிறம் மாறத் தொடங்கின காய் என்றால் பறித்த பிறகும் உள்ளே விதை முற்றும். காம்போடு பறித்து, நிழலில் காற்றுப்படும்படி ஒரு வாரம், பத்து நாள் வைக்க வேண்டும். நாங்கள் அரிசிப்பானைக்குப் பக்கத்தில் பிரிமணை மேல் வைத்தோம். அன்னைக்கு ராத்திரியே மழை பிடித்துக்கொண்டது, கரண்டும் போய்விட்டது. விளக்கு வெளிச்சத்தில் சுக்கு மல்லிக் காப்பியைக் குடித்துக்கொண்டு, ஆடிப்பட்ட வெண்டை நெற்றுகளை உடைத்து விதை எடுத்தோம்.

ஒன்பதாம் நாள் கத்தரிக்காய்கள் முழு மஞ்சளாகித் தொட்டால் மெத்தென்று இருந்தன. பிளந்து, விதையைத் தண்ணியில் பிசைந்து, மிதந்ததைக் கொட்டிவிட்டு அடியில் தங்கினதை மட்டும் எடுத்தேன். வெயில் இல்லாததால் துணியில் பரப்பி மின்விசிறிக் காற்றில் அஞ்சு நாள் காயவைத்தேன். காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். அடுப்பு மேல் வைத்தால் சூட்டில் முளைப்பு போய்விடும். நகத்தால் அழுத்திப் பள்ளம் விழவில்லை என்றால் காய்ந்துவிட்டது. சாம்பல் கலந்து ரெண்டு பாட்டிலில் போட்டிருக்கிறேன். ஒன்று தைப்பட்டத்துக்கு, ஒன்று ஆடிக்கு. ஒரே பட்டத்தில் எல்லா விதையையும் மண்ணுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து பார்த்தேன். ஏழு முளைத்தது. எதிர்வீட்டு அக்கா தைக்குக் கொஞ்சம் நாற்று கேட்டிருக்கிறார்.